பலசாலியைத் தேடிப் போன சுமிரே

நேயர்களுக்கு வணக்கம்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் தேதி. நான் அப்போது ஜப்பானில், ஓசாகா நகரத்தில் குடியிருந்தேன். அன்று மாலைச் செய்தியில் ஒரு சின்னப் பெண்ணைக் காட்டினார்கள். முன்னால் ஒரு மரப்பலகை, பக்கத்தில் காய்கள் நிறைந்த கிண்ணம். சுவரோரமாக ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறாத குறையாகப் பத்திரிகைக்காரர்கள். பெண்ணுக்கு வயது பத்து. பெயர் நகமுரா சுமிரே. சுமிரே என்றால் ஜப்பானிய மொழியில் ஒரு சின்ன ஊதாப் பூ. கோ என்ற பலகை விளையாட்டில் தொழில்முறை ஆட்டக்காரராக அவள் ஆடிய முதல் ஆட்டம் அது. எதிரே உட்கார்ந்திருந்த ஓமோரி ரானும் சிறுமிதான், பதினாறு வயது. அவருக்கும் அதுவே முதல் ஆட்டம்.

சுமிரே தோற்றுவிட்டாள்.

அந்தத் தோல்வியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் வயதைப் பற்றியே பேசுகிறார்கள். இத்தனை வயதில் இது, அத்தனை வயதில் அது என்று. எனக்கு அவளிடம் பிடித்தது வேறு. அதற்கு வருகிறேன்.

முதலில், கோ தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. நம்முடைய ஆடு புலி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? திண்ணையில் கோடு போட்டு ஆடியிருப்போம். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டால் வெட்ட முடியாது. ஆனால் நாலாபக்கமும் போய் நின்று புலியை நகரவிடாமல் அடைத்துவிடும். அந்த அடைப்பு இருக்கிறதே, அதுதான் கோவின் உயிர். கறுப்புக் காய் ஒருவருக்கு, வெள்ளைக் காய் இன்னொருவருக்கு. நெடுக்கே பத்தொன்பது கோடு, குறுக்கே பத்தொன்பது கோடு. கோடுகள் சந்திக்கும் 361 இடங்களில் ஆளுக்கொரு காயாக மாற்றி மாற்றி வைக்க வேண்டும். வைத்த காய் நகராது. எதிராளியின் காயைச் சுற்றி வளைத்துவிட்டால் அதை எடுத்துவிடலாம். கடைசியில் யார் வளைத்த நிலம் அதிகமோ அவருக்கு வெற்றி. வயலுக்கு வேலி போடுகிற மாதிரிதான். சீனாவில் பிறந்து, கொரியாவிலும் ஜப்பானிலும் வேரூன்றிய விளையாட்டு. விதி இவ்வளவுதான், ஆட்டம் மட்டும் ஆழம் காண முடியாதது.

சரி, நான் எப்படி இதற்குள் வந்தேன்? எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கோ மன்றம் இருந்தது. மாடிப்படி ஏறிப் போனால் பத்துப் பன்னிரண்டு பலகைகள், ஒரு மூலையில் பச்சைத் தேநீர். வருகிறவர்கள் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா எனக்குச் சொல்லிக் கொடுக்க ஒத்துக்கொண்டார். சென்செய் என்றுதான் கூப்பிடுவோம், ஆசிரியர் என்று அர்த்தம்.

முதல் நாள் அவர் எனக்கு ஒன்பது காய் முன்கூட்டியே கொடுத்தார். கோ விளையாட்டில் இது ஒரு அருமையான ஏற்பாடு. பலம் குறைந்தவர் ஆட்டம் தொடங்கும் முன்பே பலகையில் சில காய்களை வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேருக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை அந்தக் காய்களை வைத்தே சொல்வார்கள். அவருக்கும் எனக்கும் நாலு காய் வித்தியாசம், இவருக்கும் எனக்கும் இரண்டு காய் என்று. நான் ஒன்பது வைத்துக்கொண்டும் தோற்றேன்.

தோற்றதும் காய்களை அள்ளிக் கிண்ணத்தில் போடப் போனேன். சென்செய் பலகையின் மேல் கையை வைத்துத் தடுத்தார். பிறகு காய்களை அவரே எடுத்துவிட்டு, முதல் காயிலிருந்து அந்த ஆட்டத்தை அப்படியே திரும்ப வைக்க ஆரம்பித்தார். நான் வைத்தது, அவர் வைத்தது, நான் வைத்தது, அவர் வைத்தது. எல்லாம் மனப்பாடம். வெள்ளைக் காய் சிப்பியில் செதுக்கியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய வரிகள் ஓடும். அதை நடுவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து டக் என்று வைப்பார். முப்பது காய் போயிருக்கும். நிறுத்தினார். “இதை ஏன் இங்கே வைத்தீர்கள்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. கடைசியில் உண்மையைச் சொன்னேன், “பயமாக இருந்தது” என்று. “சரி, பயம் இல்லையென்றால் எங்கே வைத்திருப்பீர்கள்? அங்கே வையுங்கள், பார்க்கலாம்” என்றார். அன்றைக்கு அந்த ஒரு காயைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசினோம்.

ஜப்பானில் பெரிய பட்டப் போட்டிகளிலும் இதே வழக்கம் உண்டு. தோற்றவர் தலைகுனிந்து, “தோற்றுவிட்டேன்” என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அப்புறம் ஜெயித்தவரோடு அதே பலகையில் உட்கார்ந்து, எங்கே தப்பு நடந்தது என்று இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். பெரியவர்களுக்கே தொண்டை அடைக்கும். பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி அதைத் தன் தொழிலாக ஏற்றுக்கொண்டாள் என்றால் யோசித்துப் பாருங்கள்.

சென்செய் மாதத்தில் ஒரு நாள் மன்றத்துக்கு வர மாட்டார். இரண்டு மணி நேரம் ரயிலில் போய், தன்னைவிடப் பல காய் பலமான ஒருவரிடம் ஆடிவிட்டு வருவார். “நாளைக்குத் தோற்கப் போகிறேன்” என்று முகமெல்லாம் மலர்ச்சியாகச் சொல்வார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. எழுபது வயதில்! இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் நேயர்களே, திரும்ப வருவேன்.

இப்போது சுமிரே. பிறந்தது 2009 மார்ச் 2. அப்பா நகமுரா ஷின்யா தொழில்முறை கோ ஆட்டக்காரர். அம்மாவும் கோ தெரிந்தவர். மூன்று வயதில் காய் பிடித்தாள். ஜப்பானில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆவது லேசு இல்லை. பயிற்சி மாணவர்களாக வருடக்கணக்கில் ஒருவரோடொருவர் மோதி, ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் தேறுவார்கள். நிஹோன் கி-இன் என்பது 1924இல் தொடங்கிய ஜப்பானிய கோ அமைப்பு. அவர்கள் ஒரு புது வழி திறந்தார்கள். அபாரத் திறமை உள்ள சின்னப் பிள்ளைகளைச் சிறப்புப் பரிந்துரையின் பேரில் நேரடியாகச் சேர்த்துக்கொள்வது. அந்த வழியில் முதலில் வந்தவள் சுமிரேதான். 2019 ஏப்ரல் 1ஆம் தேதி, பத்து வயது நிறைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதுவரை ஃபுஜிசவா ரினா பதினொன்றரை வயதில் சேர்ந்ததுதான் சாதனையாக இருந்தது.

ஏன் இந்தப் புது வழி? கொரியாவும் சீனாவும் முன்னே போய்விட்டன. ஜப்பானுக்காக ஆடிய சாங் ஷு 2005இல் எல்.ஜி. கோப்பையை வென்ற பிறகு, பெரிய உலகப் பட்டம் ஒன்று ஜப்பானுக்கு வர 2024இல் இச்சிரிகி ரியோ இங் கோப்பையை எடுக்கும் வரை பத்தொன்பது வருஷம் ஆனது. பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே பலமான சூழலில் விட வேண்டும் என்று நினைத்தார்கள். சரியான யோசனை என்றுதான் நான் சொல்வேன். தேர்வு எழுதாமல் உள்ளே விடுவது நியாயமா என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்குப் பலகையில்தான் பதில் கிடைக்கும்.

கிடைத்தது. 2019 ஜூலை 8, முதல் வெற்றி. எதிரே இருந்தவர் தனகா சியேகோ, வயது 67. ஒருவருக்கொருவர் 57 வருஷ இடைவெளி. ஒரே பலகை, ஒரே விதி, சலுகைக் காய் எதுவும் கிடையாது. பாட்டியும் பேத்தியுமாகத் தெரியும் இரண்டு பேர் சரிசமமாக உட்கார்ந்து மோதக்கூடிய தொழில் வேறு எது இருக்கிறது, சொல்லுங்கள்! எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு வேகம்தான். 2022 ஏப்ரலில், பதின்மூன்று வயதில், பெண்கள் மெய்ஜின் பட்டத்துக்காக ஃபுஜிசவா ரினாவோடு மோதினார். இரண்டு ஆட்டமும் தோல்வி. 2023 பிப்ரவரி 6, பெண்கள் கிசெய் பட்டம். உவேனோ அசாமியை இரண்டுக்கு ஒன்று என்று வென்றார். வயது 13, மாதம் 11. ஜப்பானில் அவ்வளவு சிறிய வயதில் யாரும் பட்டம் எடுத்ததில்லை. தொழிலில் சேரும்போதே, நடுநிலைப் பள்ளியில் படிக்கும் காலத்துக்குள் ஒரு பட்டம் வாங்க வேண்டும் என்று சொல்லியிருந்த பெண். வாங்கிவிட்டார். கவனித்தீர்களா, இதுவரை ‘அவள்’ என்று சொல்லி வந்த எனக்குப் பட்டத்துக்கு வந்ததும் ‘அவர்’ என்றுதான் வாயில் வருகிறது.

இந்த இடத்தில் நிறுத்துகிறேன். இதற்கடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். 2023 அக்டோபர் 30ஆம் தேதி, கையில் பட்டம் இருக்கும்போதே, தான் கொரியாவுக்குப் போகப் போவதாக சுமிரே அறிவித்தார். சுற்றுப்பயணம் இல்லை. ஆடும் சங்கத்தையே மாற்றிக்கொண்டு, சியோலில் இருந்து ஆடப் போகிறார். சின்ன வயதிலேயே அங்கே போய் ஹான் ஜோங்-ஜின் என்பவரின் பயிற்சிக்கூடத்தில் ஆடிப் பழகியவர், அந்த ஊரின் பலம் அவருக்குத் தெரியும். இன்னும் பலமானவர்களோடு ஆட வேண்டும், அவ்வளவுதான் காரணம். 2024 தொடக்கத்தில் உவேனோ அசாமியிடமே அந்தப் பட்டத்தை இழந்தார். மார்ச் 2ஆம் தேதி, தன் பதினைந்தாவது பிறந்தநாளன்று, கொரியச் சங்கத்தில் சேர்ந்தார்.

ஜப்பானில் அவர் நட்சத்திரம். எங்கே போனாலும் கேமரா. பெண்கள் போட்டிகளில் வருடா வருடம் பட்டத்துக்கு நிற்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு எங்கே போகிறார்? அங்கே சோய் ஜோங் இருக்கிறார். 2022 சாம்சங் கோப்பையில் ஆண்களையும் தாண்டி இறுதி ஆட்டம் வரை வந்தவர். பெரிய உலகப் போட்டி ஒன்றின் இறுதியில் ஒரு பெண் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அங்கே கிம் உன்ஜி இருக்கிறார், சுமிரேயைவிட இரண்டே வயது மூத்தவர். போனால் தோல்வி நிறைய கிடைக்கும். தெரிந்தேதான் போனார்.

செய்தி வந்த அன்று நான் ஊருக்குத் திரும்பி வந்திருந்தேன். சென்செய்க்குப் போன் போட்டேன். உங்களுக்கு வருத்தமா என்று கேட்டேன். “பலமானவர்கள் அங்கேதானே இருக்கிறார்கள்” என்றார். அவ்வளவுதான். அப்புறம் முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இதில் இன்னொரு பெண்ணைச் சொல்லாமல் விட முடியாது. ரூய் நைவெய். ஷாங்காயில் 1963இல் பிறந்தவர். 1988இல் 9 டான், அதாவது மிக உயர்ந்த படி. உலகத்திலேயே அந்தப் படிக்கு ஏறிய முதல் பெண். பிறகு சீனத் தேசிய அணியை விட்டு வெளியேறி ஜப்பான் வந்தார். அங்கே தொழில்முறைப் போட்டிகளில் ஆட இடம் கிடைக்கவில்லை. கை நிறைய வித்தை, ஆடப் பலகை இல்லை. இதைவிடக் கொடுமை ஓர் ஆட்டக்காரருக்கு உண்டா? நடுவில் 1992இல் இங் கோப்பையில் ஆட வாய்ப்பு வந்தது. கொரியாவின் பெரிய ஆட்டக்காரர் லீ சாங்-ஹோவை வென்று அரையிறுதிக்குப் போனார். ஆனாலும் எந்த நாட்டிலும் நிரந்தரமான இடம் இல்லை. கணவர் ஜியாங் ஜூஜியூவும் 9 டான் ஆட்டக்காரர். இருவரும் அமெரிக்காவுக்குப் போனார்கள். கடைசியில் 1999இல் கொரியா கதவு திறந்தது. திறந்த மறு வருஷமே, 2000இல், கொரியாவின் பழம்பெரும் குக்சு பட்டத்துக்கான போட்டியில் லீ சாங்-ஹோவைத் தாண்டி, பட்டத்தை வைத்திருந்த சோ ஹுன்-ஹ்யோனை இரண்டுக்கு ஒன்று என்று வென்றார். ஆண் பெண் எல்லோருக்கும் பொதுவான பெரிய பட்டம். அதுவரை எந்தப் பெண்ணும் வென்றதில்லை.

ரூய் நைவெய் ஆட இடம் தேடி நாடு நாடாகப் போனார். சுமிரேக்கு வீட்டிலேயே இடம் இருந்தது, அவரும் போனார். சுமிரே பெட்டி கட்டிய செய்தியைப் படித்தபோது எனக்கு ரூய் நைவெய்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவர் அந்தக் கதவைத் தட்டித் திறந்து இருபத்தைந்து வருஷம் கழித்து, வெளிநாட்டுப் பெண் ஒருத்தி அதே கதவு வழியாகச் சிரித்துக்கொண்டே உள்ளே போகிறாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டு நிமிஷம்தான். கம்ப்யூட்டர் வந்து கோ விளையாட்டை எப்படி மாற்றியது என்று சொல்ல நினைத்திருந்தேன். 2016இல் ஆல்ஃபாகோ என்ற கம்ப்யூட்டர் நிரல் கொரியாவின் பெரிய ஆட்டக்காரர் லீ செடோலை நாலுக்கு ஒன்று என்று வென்றதிலிருந்து பிள்ளைகள் படிக்கிற முறையே வேறாகிவிட்டது. அது இன்னொரு நாளைக்குத்தான்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பத்தொன்பது கோட்டில் தொடங்காதீர்கள், மிரண்டுவிடுவார்கள். ஒரு அட்டையில் ஒன்பதுக்கு ஒன்பது கோடு போடுங்கள். ஒரு பக்கம் புளியங்கொட்டை, ஒரு பக்கம் சோழி. ஆளுக்கு நாற்பது இருந்தால் போதும். ஆட்டம் முடிந்ததும் உடனே அள்ளிவிடாதீர்கள். முதல் பத்துக் காயையாவது திரும்ப வைத்துப் பாருங்கள், யாருக்கு ஞாபகம் இருக்கிறது என்று.

நேரம் ஆகிவிட்டது. நன்றி, வணக்கம்.