முப்பது வருடத்துக்குப் பிறகு வரும் பருவங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

புதிதாகக் கல்யாணமான வீட்டில் சண்டைச் சத்தம் கேட்டால் பேசித் தீர்க்க ஆள் வருவார்கள். பெண்ணின் அப்பா வருவார், தாய்மாமன் வருவார், கல்யாணத்தைப் பேசி முடித்தவரே ஒரு நாள் வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போவார். கல்யாணமாகி முப்பது வருடமான வீட்டுக்கு அப்படி யாரும் வருவதில்லை. வரவேண்டிய பெரியவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள், இல்லையென்றால் அதே வீட்டில் படுக்கையில் இருப்பார்கள். பிள்ளைகளிடம் வாய் திறந்தால், "பேரன் எடுக்கிற வயசுல என்னம்மா இது?" என்பார்கள். அந்த வீட்டுக்கான பேச்சு இது. அங்கே இரண்டு பருவங்கள் கடுமையானவை. ஒன்று, மாமனாரோ மாமியாரோ படுத்த படுக்கையாகும் காலம். மற்றது, கணவர் ஓய்வுபெற்ற முதல் வருடம்.

இரண்டிலும் வீட்டு வேலையும் வீட்டு நேரமும் ஒரே வாரத்தில் தலைகீழாகின்றன. யார் எதைச் செய்வது என்ற ஏற்பாடு மட்டும் பழையபடியே கிடக்கிறது. 'அவர் மாறிவிட்டார்', 'அவளுக்கு முன்போல அன்பில்லை' என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் வேர்விட்டிருக்கும்.

முதலில் படுக்கை. தானாகப் புரள முடியாத ஒருவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு என்று ஐந்து தடவை. தவறினால் முதுகின் அடிப்பகுதியிலும் இடுப்பெலும்பிலும் குதிகாலிலும் தோல் சிவக்கும். அந்தச் சிவப்பு அழுத்தினாலும் வெளுக்காது. படுக்கைப்புண்ணின் ஆரம்பம் அதுதான். 'ஏர் பெட் வாங்கிப் போட்டாச்சே' என்று நிம்மதியாகிறார்கள். ஏர் பெட் அழுத்தத்தைக் குறைக்கும், திருப்பும் வேலையைச் செய்யாது. மூக்குக் குழாய் வழியாக உணவு என்றால், தலைப்பக்கத்தை உயர்த்தி, ஊட்டி முடித்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். உடனே சாய்த்தால் உணவு நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு.

இதையெல்லாம் பெரும்பாலும் செய்வது மருமகள். மகன் மருந்து வாங்குகிறார், டாக்டரிடம் பேசுகிறார், டயப்பர் பாக்கெட் சுமந்துவருகிறார். அவர் கணக்கில் அது பாதிக்குப் பாதி. ஆனால் அவர் செய்வதெல்லாம் பகல் வேலை, மனைவி செய்வது தூக்கத்தை அறுத்துச் செய்யும் வேலை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மூன்று மாதம் இப்படிப் போனால், ரசத்தில் உப்பு குறைந்ததற்கு விவாகரத்து வரைக்கும் பேச்சு போகும்.

ஆகவே பங்கு பிரிக்கும்போது வேலையைப் பிரிக்காதீர்கள், இரவைப் பிரியுங்கள். ஒன்பதிலிருந்து இரண்டு வரை ஒருவர், இரண்டிலிருந்து ஏழு வரை மற்றவர். முறை இல்லாதவர் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கட்டும். ஒரு தடவை நான், அடுத்த தடவை நீ என்று மாற்றி மாற்றி எழுந்தால் இருவர் தூக்கமும் கெடும். அலுவலகம் போகிற கணவர் முன்னிரவை எடுத்துக்கொள்ளலாம். 'எனக்குப் பழக்கமில்லை, அம்மாவும் கூச்சப்படுவாங்க' என்பது ஒரு வாரத்துக்குத்தான் செல்லும். இரவுக்கு ஹோம் நர்ஸ் வைக்க வசதியிருந்தால், அதற்கு எடுக்கும் பணம் ஆடம்பரமல்ல.

அடுத்து, சாத்துக்குடிப் பையோடு ஞாயிற்றுக்கிழமை வந்து, "அம்மா ரொம்ப இளைச்சுட்டாங்களே அண்ணி" என்று சொல்லிவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும் நாத்தனார். அந்த ஒரு வரி அந்த வாரம் முழுக்க வீட்டுக்குள் சுற்றும். அவரிடம் பேசவேண்டியது அண்ணன், அண்ணி இல்லை. 'நீயும் கொஞ்சம் பார்த்துக்கோ' என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார். 'மாசத்தில் இரண்டாவது சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து ஞாயிறு சாயங்காலம் வரை நீ அம்மாவோடு இரு' என்று நாளும் மணியும் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த ஒன்றரை நாள் கணவனும் மனைவியும் வெளியே போகட்டும். எங்கேயும் போகாமல் தூங்கினாலும் சரி.

தூக்கமில்லாமல் காரணமின்றி அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். டெலி மானஸ் என்கிற மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

நடுராத்திரிச் சண்டை பற்றியும் ஒரு வார்த்தை. தம்பதிகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், கணவன் மனைவிக்குள் வரும் பிணக்குகளில் 69 சதவீதம் தீராமல் திரும்பத் திரும்ப வருபவை என்கிறார். அப்படியென்றால் எல்லாவற்றையும் இன்றிரவே தீர்த்தாக வேண்டியதில்லை. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது காதில் ஏறாது என்றும், அடங்கக் குறைந்தது இருபது நிமிடமாகும் என்றும் அவர் சொல்கிறார். மணிக்கட்டில் விரல் வைத்து பதினைந்து விநாடி எண்ணுங்கள். 25 தாண்டினால் நிறுத்துங்கள். ஆனால் சொல்லாமல் எழுந்து போனால் அது இன்னொரு சண்டை. 'அரை மணியில் வர்றேன்' என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி வாருங்கள். ஒன்று, இதெல்லாம் அடி விழாத வீட்டுக்குத்தான். கை நீளும் வீட்டில் நாடி எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், பெண்கள் 181க்குப் பேசுங்கள்.

இனி ஓய்வு. தமிழக அரசுப் பணியில் 2021 முதல் ஓய்வு வயது 60. மாதக் கடைசி நாள் சால்வை, மாலை, குரூப் போட்டோ. மறுநாள் காலை அதே ஒன்பது மணிக்கு அவர் கூடத்தில் நிற்கிறார். ஜப்பானியப் பெண்கள் இப்படிப்பட்ட கணவருக்கு 'ஈரச் சருகு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். துடைப்பத்தால் எவ்வளவு பெருக்கினாலும் ஒட்டிக்கொண்டே இருக்குமாம். நம் வீடுகளில் அவர் நேரே அடுக்களைக்குப் போகிறார். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். "இந்த டப்பாவுக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டலாமே" என்கிறார். அவர் மனதில் அது உதவி, அவள் காதில் அது தணிக்கை. முப்பது வருடம் அவள் மட்டுமே நடத்திய ஆபீஸுக்குள் புது மேலதிகாரி நுழைந்த மாதிரி.

யோசனை சொல்வதை விட்டுவிட்டு ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்வது நல்லது. உதாரணமாக, இட்லி மாவு. நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். நாலு மணி நேரம் ஊறவைப்பதும், அரைப்பதும், உப்புப் போட்டுக் கரைப்பதும், கடைசியில் கிரைண்டர் கழுவுவதும் அவருடையது. பெரும்பாலும் தகராறு வருவது அந்தக் கிரைண்டரில்தான். அரைத்துவிட்டு அப்படியே விட்டால் அது பாதி வேலை, மீதியைச் செய்கிறவளுக்குக் கோபம் வரத்தான் செய்யும். மாவு புளித்துப்போனாலும் அது அவர் கணக்கே. அவள் பக்கத்தில் நின்று திருத்தக் கூடாது.

வீடு யாருமில்லாமல் அவளுக்கென்று கிடந்த நேரம் எது என்று கேட்டு வையுங்கள். பதினொன்றிலிருந்து ஒன்று வரை என்பாள். அந்த இரண்டு மணி நேரம் நூலகத்திலோ பூங்காவிலோ அவர் இருக்கட்டும்.

பணம் வந்ததும் இன்னொரு சுற்று. மொத்தத் தொகை வருவதற்கு முன்பே மகன் ஃபிளாட் முன்பணம் கேட்டிருப்பான், அப்பா போனிலேயே சரி சொல்லியிருப்பார், அம்மாவுக்குப் பத்து நாள் கழித்துத் தெரியும். ஆறு மாதத்துக்கு அந்தத் தொகையை வங்கி வைப்பில் போட்டுவிட்டு, கேட்கிற எல்லாருக்கும் 'டெபாசிட்டில் இருக்கு' என்பது மட்டும் பதிலாக இருக்கட்டும். கணக்கை இருவர் பெயரிலும், யாராவது ஒருவர் கையெழுத்தில் எடுக்கும் வகையில் வையுங்கள். நாமினி போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளத் தகுதியானவர், அவ்வளவே. வாரிசு உரிமை வேறு.

கணவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியத்தில் சிக்கல் வருவது சின்ன இடத்தில். ஓய்வூதிய ஆணையில் மனைவி பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி, பிறந்த தேதியும் பொருந்தாது. அவர் இருக்கும்போதே திருத்தினால் ஒரு மனுவில் முடியக்கூடிய காரியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆணை, ஆதார், பாஸ்புக் மூன்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, அவர் எழுத்து எழுத்தாக வாசிக்க, அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு சரிபார்க்கட்டும்.

நன்றி, வணக்கம்.