மாதவிலக்கு நிற்கும் வயதில் ஒற்றைத் தலைவலி

நேயர்களுக்கு வணக்கம்.

மாதவிலக்கு தாறுமாறாக வரத் தொடங்கும் வயதில் பல பெண்களுக்குப் பழைய ஒற்றைத் தலைவலி இரண்டு மடங்கு வேகத்தோடு திரும்பி வருகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்துவிட்டதுதான் காரணம் என்று சொல்வது பாதிதான் சரி. அது ஒரு வாரம் ஏறி, அடுத்த வாரம் மளமளவென்று இறங்குகிறது. அந்த இறக்கம்தான் வலியைக் கிளப்புகிறது. 12 மாதம் தொடர்ந்து விலக்கு வராமல் நின்று, ஏற்ற இறக்கம் அடங்கியபின் பலருக்கு வலி தணிந்துவிடும். சிலருக்கு அதற்கு ஓரிரு ஆண்டுகள் ஆகலாம்.

"கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தலைவலியும் போய்விடும்" என்று நம்பி அறுவை சிகிச்சைக்குத் துணிகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கூடவே சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் சரிந்துவிடும். தலைவலி முன்பைவிட மோசமாகலாம். வேறு காரணத்துக்காக அந்த அறுவை தேவைப்பட்டால், உங்களுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் வந்த தேதியும் எழுதுகிற மாதக் காலண்டரிலேயே மூன்று குறி போடுங்கள். வலி வந்த நாளில் 'த', மாத்திரை போட்ட நாளில் 'மா', விலக்கான நாளில் 'வி'. மூன்று மாதம் எழுதினால் போதும். மருத்துவருக்கு ஸ்கேனைவிட இந்தத் தாள் பல நேரம் அதிகம் சொல்லும்.

அதில் முக்கியமாக எண்ண வேண்டியது 'மா'. பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற, எர்கோட்டமினும் காபினும் கலந்த மாத்திரைக்கும், ஒற்றைத் தலைவலிக்கென்றே தரப்படும் சுமட்ரிப்டான் வகைக்கும் 10 நாளே எல்லை. வலிக்கு மாத்திரை, மாத்திரையால் வலி என்று சுற்றிச் சுற்றி வருகிறவர்கள் ஏராளம். வாரத்துக்கு இரண்டு நாளைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு.

அதே சமயம், போடும் மாத்திரையைத் தாமதிக்காமல், சரியான அளவில் போட வேண்டும். "பொறுத்துப் பார்ப்போம்" என்று மூன்று மணி நேரம் கழித்துப் பாதி மாத்திரை போட்டால் பலன் இருக்காது. ஒற்றைத் தலைவலியின்போது இரைப்பையின் இயக்கம் மந்தமாகிவிடும். மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும். வலி தொடங்கியதும் பாராசிட்டமால் 500 மில்லிகிராமில் இரண்டு போடலாம். ஆனால் 50 கிலோவுக்குக் குறைவான எடை உள்ளவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் மருத்துவர் சொல்லும் குறைந்த அளவே போட வேண்டும். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும், சேர்த்துக் கணக்கிடுங்கள். ஐபுப்ரோஃபென் என்றால் 400 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் இருந்தால் அது வேண்டாம். இதய நோய், பக்கவாதம், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சுமட்ரிப்டானைத் தொடக்கூடாது.

மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் வலி படுத்தினால், வராமல் தடுக்கும் மருந்தைப் பற்றிக் கேளுங்கள். ரத்த அழுத்தமும் இருந்தால் ப்ரோப்ரனோலால் பொருந்தலாம். ஆஸ்துமா இருந்தால் ஆகாது. தூக்கம் கெட்டவர்களுக்கு இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் தருவதுண்டு. உடல் தகிப்பும் சேர்ந்திருந்தால் வென்லாஃபாக்சின் இரண்டையும் குறைக்கக்கூடும். எதுவானாலும் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பத்து நாளில் நிறுத்திவிடாதீர்கள். ஹார்மோன் சிகிச்சை தேவையென்றால், தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல் மாத்திரையைவிட ஏற்ற இறக்கம் இல்லாமல் உடலில் சேரும். கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு அதோடு ப்ரோஜெஸ்டரோன் என்ற ஹார்மோனும் வேண்டும். தலைவலிக்கு முன் கண்ணில் வளைவு வளைவாக ஒளிக்கோடுகள் தெரிகிறவர்கள், அதிக உதிரப்போக்குக்கு மாத்திரை எழுதும்போது அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை அவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

சென்னையில் இன்னொரு பகை, வெயில். கத்திரி நாட்களில் இரவு முழுக்க வியர்த்து, தூக்கம் கலைந்து, தண்ணீரும் குறைந்தால் காலையில் வலி நிச்சயம். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை விரதமென்று காலைக் காபியையும் சாப்பாட்டையும் ஒன்றாகத் தவிர்க்காதீர்கள். காபியைத் திடீரென விட்டாலே தலை வலிக்கும். இரண்டு டம்ளர், தினமும் ஒரே நேரம், அவ்வளவு போதும். விரதத்திலும் மோரோ பழமோ எடுத்துக்கொள்ளலாம். மல்லிகை, சாம்பிராணி வாசனை எல்லாருக்கும் ஆகாது என்றில்லை. காலண்டரில் அந்த நாளில் 'த' விழுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த வயதில் எல்லாத் தலைவலியையும் விலக்கின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. 50 வயதுக்குமேல் முதன்முறையாக வரும் தலைவலி, தலை சீவும்போது தோல் நோவது, மென்றால் தாடை வலிப்பது, இவற்றுக்குக் காலம் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். பார்வையே போகக்கூடிய ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். இடி விழுந்தாற்போல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறும் வலி, பேச்சு குழறல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு என்றால் தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.