பதினோராம் வசனத்துக்கு முன்னால்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது நம்மில் பலருடைய கையில் ஒரு சிறிய அட்டை இருக்கும். அந்த வருஷத்துக்கான வாக்குத்தத்த வசனம். அதை முன்கதவிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ ஒட்டிவிடுவோம். மற்ற நாட்களில் காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் பூப்படத்தோடு ஒரு வசனம் வந்திருக்கும். இந்தப் பழக்கம் நேற்று முளைத்ததல்ல. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் வாழ்ந்த மொரேவிய சகோதரர்கள் நாளுக்கொரு வசனமாகத் தொகுத்து 1731ஆம் ஆண்டிலேயே அச்சிட்டார்கள். அந்தத் தொகுப்பு இன்றும் வருஷந்தோறும் வெளிவருகிறது. ஒரு வசனத்தோடு நாளைத் தொடங்குவது நல்ல காரியம்.

ஆனால் அந்த ஒரு வசனத்தோடேயே நின்றுவிட்டால் ஒரு நஷ்டம் உண்டு. நமக்கு வேண்டிய ஆறுதலை எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பகுதி நம்மிடம் என்ன கேட்கிறது என்று பார்க்காமல் மூடிவிடுகிறோம். வேத வாசிப்பு ஒரு மனிதரை வளர்ப்பது அது கேள்வி கேட்கிற இடத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம். அதை ஒரேயொரு அதிகாரத்தை வைத்துக் கதைக்கிறேன்.

எரேமியா 29ஆம் அதிகாரம், 11ஆம் வசனம். மனப்பாடமாகத் தெரியாத தமிழ்க் கிறிஸ்தவர் குறைவு. “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்” என்று தொடங்கும். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும் விசாவுக்குக் காத்திருக்கிறவருக்கும் இந்த வசனத்தைத்தான் சொல்லி அனுப்புவோம். சரி, அதற்கு முன்னால் என்ன இருக்கிறது?

முன்னால் இருப்பது, எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு அனுப்பிய ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமின் ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் சிறைபிடித்துக்கொண்டு போய்விட்டான். ஊர் போய், ஆலயம் தூரமாகி, தெரியாத பாஷை பேசுகிறவர்கள் நடுவில் இருக்கிறார்கள். அந்தக் காலகட்டத்தில் எருசலேம் ஆலயத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி நின்று, இரண்டு வருஷத்துக்குள் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று அறிவிக்கிறான். 28ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, வாசித்துப் பாருங்கள். கேட்ட எரேமியா, “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்றுதான் முதலில் சொல்கிறார். அவருக்கும் ஆசைதான். ஆனாலும் அவர் அனுப்பிய கடிதத்தில் இரண்டு வருஷம் இல்லை, எழுபது வருஷம் என்று இருந்தது. எழுபது வருஷம் என்றால், கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் அநேகர் திரும்பி வரப்போவதில்லை.

அதுவரைக்கும் என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள் என்கிறார். பிறகு ஏழாம் வசனம்: “நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள்; அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்.”

இதைக் கொழும்பில் இருந்து வாசித்துப் பாருங்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் எத்தனை குடும்பங்கள் யாழ்ப்பாணத்து வீட்டுச் சாவியை இன்னும் அலுமாரியில் வைத்திருக்கின்றன. கொட்டாஞ்சேனையில், ஜிந்துப்பிட்டியில், புறக்கோட்டைக் கடைகளில் எத்தனை மலையகப் பிள்ளைகள் சம்பளத்துக்காக மட்டும் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். 1983 ஜூலையை இதே வீதிகளில் கண்டவர்கள் நம்மோடு இருக்கிறார்கள். இப்படிப்பட்ட நமக்கு, இந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்பது லேசான வார்த்தை இல்லை.

நாங்கள் சிலர் வாரத்தில் ஒரு மாலை கூடி வேதம் வாசிக்கிறோம். இந்த அதிகாரத்தை எடுத்தபோது ஹற்றன் பக்கத்திலிருந்து வந்து கடையில் வேலை செய்யும் ஒரு தம்பி சொன்னார்: “டீச்சர், அம்மாவுக்காக ஜெபிக்கிறேன், தங்கச்சியின் படிப்புக்காக ஜெபிக்கிறேன். கொழும்புக்காக ஒருநாளும் ஜெபித்ததில்லை. எனக்கு அது தோன்றவேயில்லை.” அடுத்த கிழமை அவர் ஒரு பெயரைக் கொண்டுவந்தார். அவர் வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரி, ஒரு சிங்கள அம்மா, சிறுநீரக நோயாளி. அதுவரை அவருடைய பெயர்கூடத் தனக்குத் தெரியாது என்றார். பதினோராம் வசனத்தை மட்டும் வாசித்திருந்தால் அந்த அம்மாவின் பெயரை அவர் கேட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். வளர்ச்சி என்று நான் சொல்வது இந்த அளவிலான மாற்றத்தைத்தான். பெரிதாக ஒன்றும் வெளியில் தெரியாது.

இதற்குப் பக்கத்தில் 137ஆம் சங்கீதத்தையும் வைத்து வாசிக்க வேண்டும். அதே சிறையிருப்பின் பாட்டு அது. “பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்.” 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்ததற்குப் பிறகு அந்த வரியை என்னால் பழையபடி வாசிக்க முடியவில்லை. மட்டக்களப்பில் இறந்தவர்களில் அநேகர் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள். இந்தச் சங்கீதத்தின் கடைசி இரண்டு வசனங்கள் பயங்கரமான பழிவாங்கும் வசனங்கள். தியானப் புத்தகங்கள் பெரும்பாலும் அவற்றைத் தொடுவதில்லை. தொட வேண்டும் என்பது என் கருத்து. பிள்ளையைப் பறிகொடுத்தவரின் கோபத்தை வேதாகமம் மறைக்கவில்லை. ஜெபமாகவே எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கோபத்தைக் கடவுளிடமே கொண்டுபோய் உள்ளபடி சொல்லலாம். அந்த மக்களுக்குத்தான் எரேமியாவின் கடிதமும் போனது. இரண்டையும் ஒன்றாக வாசிக்கிறவருக்குச் சமாதானம் என்பது மலிவான சொல்லாக இருக்காது. அந்த ஏப்ரலுக்குப் பின் வந்த நாட்களில், ஒன்றும் அறியாத முஸ்லிம் அயலவர்களை நாம் எப்படிப் பார்த்தோம், அவர்களோடு முகம் கொடுத்துக் கதைத்தோமா என்று எரேமியாவின் அந்த ஏழாம் வசனம் நம்மைக் கேட்கிறது.

சரி, எப்படி வாசிப்பது? பலர் கேட்கிற கேள்வி.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி நான்கு படிகள் சொன்னார்: வாசிப்பு, தியானம், ஜெபம், கடவுளுக்கு முன் அமைதியாக இருத்தல். வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் அதை மெல்லுகிறது, ஜெபம் சுவையை எடுக்கிறது, கடைசிப்படி அந்த இனிமையே என்பது அவருடைய விளக்கம். நாம் பெரும்பாலும் முதற்படியோடு எழும்பிவிடுகிறோம். ஒரு வருஷத்தில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணைகள் நல்லவைதான். முழுவதையும் ஒருமுறையாவது வாசித்தால்தான் எது எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆனால் 1189 அதிகாரங்களை வருஷத்துக்குள் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டும். அந்த ஓட்டத்தில் மெல்லுவதற்கு நேரமிருக்காது. அதனால் அந்த வாசிப்போடுகூட, ஒரு சிறிய பகுதியை ஒரு கிழமை முழுவதும் வைத்திருக்கச் சொல்வேன்.

இதை 1930களில், ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்த ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் தன் மாணவர்களைக்கொண்டு செய்வித்தார். ஃபின்கன்வால்டே என்ற இடத்தில் அவர் நடத்திய குருமடத்தில் ஒரு கிழமைக்கு ஒரே வேதபகுதி. காலையில் அரை மணி நேரம் மௌனமாக அதோடு இருக்க வேண்டும். மாணவர்களுக்கு அது கஷ்டமாகவே இருந்தது. 1937இல் ஹிட்லரின் இரகசியப் பொலிஸ் அந்தக் குருமடத்தை மூடியது. 1939இல் நண்பர்கள் அவரைப் பாதுகாப்பாக நியூயோர்க்குக்கு அழைத்துக்கொண்டார்கள். அங்கே இருக்கும்போது “மாரிகாலத்துக்குமுன்னே நீ வந்துசேரும்படி ஜாக்கிரதைப்படு” என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வரி அவர் கண்ணில் பட்டது. அவருடைய நாட்குறிப்பில் அது இருக்கிறது. ஏற்கெனவே மனதுக்குள் ஜெர்மனிக்குத் திரும்பிப்போக முடிவெடுத்திருந்தவரை அந்த வரி விடவில்லை. ஜூலையில் கப்பலேறினார். 1945 ஏப்ரல் 9ஆம் திகதி அவரைத் தூக்கிலிட்டார்கள். எல்லாருக்கும் இப்படி ஒரு அழைப்பு வராது, வர வேண்டும் என்றும் இல்லை. ஆனால் வருஷக்கணக்காக வசனங்களோடு இருந்து பழகியவருக்குத்தான், தன்னிடம் கேட்கப்படுவது என்ன என்று அந்த நேரத்தில் விளங்கியது.

நம்முடைய மண்ணிலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது அவரோடு இருந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர். உறுதியான சைவர், பின்னாளில் மிஷனரிமாரை எதிர்த்து எழுதியவர். தான் நம்பாத ஒரு நூலுக்கு அவர் அவ்வளவு உழைப்பைக் கொடுத்தார். நம்புகிற நாம் காலையில் எத்தனை நிமிஷம் கொடுக்கிறோம்?

இந்தக் கிழமைக்கு எரேமியா 29, நான்கிலிருந்து பதினான்கு வரை எடுங்கள். வாய்விட்டு வாசியுங்கள், வீட்டில் சத்தமென்றால் பஸ்ஸில் மெதுவாக முணுமுணுத்தாலும் போதும். ஒரு கொப்பியில் நாளுக்கு இரண்டு வரி எழுதுங்கள்: இது எனக்கு என்ன தருகிறது, என்னிடம் என்ன கேட்கிறது. இரண்டாவது வரி சில நாள் வெறுமையாகவே இருக்கும். இருக்கட்டும், மறுநாளும் அதே பகுதியைத் திறவுங்கள். கிழமை முடிவதற்குள் இந்த நகரத்தில் உங்கள் மொழியோ மதமோ இல்லாத ஒருவருடைய பெயரை அந்தக் கொப்பியில் எழுதி, அவருக்காக ஜெபியுங்கள். அடுத்த கிழமைக்கு 137ஆம் சங்கீதம். கடைசி இரண்டு வசனங்களையும் சேர்த்து.

கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.