கால் தள்ளாடினால் காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள்

வணக்கம் நேயர்களே. டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், இசிபிங்கோ எங்கே இருந்து கேட்டாலும் சரி, வீட்டில் தாத்தாவோ ஆயாவோ இருந்தால் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

முதுகுவலி வயதானவர்களுக்குச் சகஜம்தான். ஆனால் நேற்று வரை கோயிலுக்கு நடந்து போனவருக்கு இன்றைக்கு இரண்டு காலும் தள்ளாடுகிறது, செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியவில்லை, சிறுநீர் முட்டிக்கொண்டு நிற்கிறது ஆனால் வெளியே வரவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போயிருக்கிறது என்றால் அது முதுமை இல்லை. தண்டுவடத்தையோ அதன் கீழ்முனை நரம்புகளையோ ஏதோ அழுத்துகிறது.

எது அழுத்தும்? புரோஸ்டேட், மார்பகம், நுரையீரல் புற்றுநோய்கள் முதுகெலும்புக்குப் பரவும். வலுவிழந்த எலும்பு நொறுங்கும். வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உள்ளே ரத்தம் கட்டலாம். நம் தென்னாப்பிரிக்காவில் காசநோயையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும், இருமலே இல்லாமல்கூட முதுகெலும்பை அரித்துவிடும். ஆனால் அதற்குப் பெரும்பாலும் மாத்திரைதான் முதல் மருந்து.

தைலம் தேய்த்து, முதுகை மிதித்து நேரத்தைக் கடத்தாதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 10177 கூப்பிடுங்கள், செல்போனில் 112. ஆர்.கே.கான் போன்ற பக்கத்து மருத்துவமனையில் பார்த்துவிட்டு, எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அப்புறம் தேவைப்பட்டால் ஆல்பர்ட் லுதூலி மருத்துவமனையின் நரம்பு அறுவைப் பிரிவு. ஆபரேஷனில் தண்டுவடத்துக்குப் பின்னால் இருக்கும் எலும்புத் தகட்டை எடுத்து அழுத்தத்தை விடுவிப்பார்கள், எலும்பு தாங்காது என்றால் திருகாணியும் கம்பியும் வைத்து இறுக்குவார்கள்.

“75 வயதில் எதற்கு ஆபரேஷன், பாவம்” என்று பிள்ளைகள் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் படுக்கையில் கிடந்தால் புண்ணும் நிமோனியாவும் வரும், அதுவும் சின்ன ஆபத்து இல்லை. 2005இல் வெளிவந்த ஒரு ஆய்வில், புற்றுநோய் தண்டுவடத்தை அழுத்தியவர்களில் ஆபரேஷனும் கதிர்வீச்சும் பெற்றவர்கள் 84 சதவீதம் பேர் சிகிச்சைக்குப் பின் நடந்தார்கள், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்கள் 57 சதவீதம். எல்லாருக்கும் ஆபரேஷன் பொருந்தாது, இதயம், நுரையீரல், சர்க்கரை, உடம்பின் தெம்பு எல்லாம் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். வயது மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. கால் முழுசாக விழுந்து நாளாகிவிட்டால் மீட்பது ரொம்பக் கஷ்டம், இன்னும் எழுந்து நிற்க முடிகிறபோதே போய்ச் சேர்ந்தால் வாய்ப்பு அதிகம்.

போகும்போது சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் எடுத்துப் போங்கள். கடைசியாக எப்போது நன்றாக நடந்தார், எப்போது சிறுநீர் கழித்தார், இந்த இரண்டையும் டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.