வாஞ்சூரைத் தாண்டினால்

நேயர்களுக்கு வணக்கம். நான் பிறந்தது நாகப்பட்டினம், வாழ்க்கைப்பட்டது காரைக்கால். நடுவே சுமார் 20 கிலோமீட்டர்தான். நாகூரைத் தாண்டினால் வாஞ்சூர். அங்கேயே தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி ஆட்சி தொடங்கிவிடும். மண்ணிலும் பேச்சிலும் ஒரு மாற்றமும் தெரியாது. சாலையோர மதுக்கடைகளைப் பார்த்துத்தான் எல்லை வந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்யாணமான புதிதில் அம்மாவைப் பார்க்கப் புறப்பட்டேன். மாமியார் இரண்டு பாட்டில் நல்லெண்ணெய் கொடுத்தனுப்பினார். சோதனைச் சாவடியில் பேருந்தில் ஏறிய காவலர் பையில் பாட்டிலைப் பார்த்ததும் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பேருந்தே என்னைத் திரும்பிப் பார்த்தது. "நல்லெண்ணெய்தாம்மா" என்று எனக்கே சொல்லிவிட்டு இறங்கிப் போனார்!

காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. அதனால் சுதந்திர தினத்துக்கு மறுநாளும் எங்களுக்கு விடுமுறை. அண்ணன் பிள்ளைகளுக்கு அதில் பெரிய பொறாமை. எங்கள் ஊர்க் காவலர்களின் சிவப்புத் தொப்பியைப் பார்த்தால் மட்டும் அவர்களுக்குச் சிரிப்பு.

இதெல்லாம் வேடிக்கை. வயலுக்கு வந்தால் வேடிக்கை இல்லை. அண்ணனுக்கு நாகூர்ப் பக்கம் நிலம், எங்களுக்குத் திருநள்ளாறு பக்கம். இரண்டுமே கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். மேட்டூரில் தண்ணீர் திறந்த நாளிலிருந்து இரண்டு வீட்டிலும் ஒரே பேச்சுதான்: எதுவரை வந்திருக்கிறது? ஆனால் எங்கள் பங்குக்குத் தனிக் கணக்கு. காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி தண்ணீர்) என்றது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதையே வைத்தது. அந்த ஏழும் காரைக்கால் வயல்களை நம்பி எழுதியவை. அரசலாறு கும்பகோணம் வழியாகத்தான் எங்களிடம் வர வேண்டும். மேலே யார் எவ்வளவு இறைத்துக்கொண்டார்கள் என்பது கடைசியில் இருப்பவனுக்குத்தான் தெரியும்.

அறுவடையில் வித்தியாசம் இன்னும் துல்லியமாகத் தெரியும். அண்ணன் நிலத்துக்கும் பயிருக்கும் சான்றான சிட்டா, அடங்கலோடு தமிழ்நாடு அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போவார். ஈரப்பதம் கூடுதல், சாக்கு இல்லை, நாலு நாளாய்க் காத்துக் கிடக்கிறேன் என்று புலம்புவார். புலம்பட்டும், அவருக்குப் புலம்பவாவது ஓர் இடம் இருக்கிறது. எங்கள் அடங்கல் அங்கே செல்லாது. பல வருடம் களத்துமேட்டுக்கு வந்த வியாபாரி சொன்னதுதான் எங்களுக்கு விலை. வரப்பில் நின்று பார்த்தால் எது தமிழ்நாட்டு நெல், எது புதுச்சேரி நெல் என்று யாராவது சொல்லிவிட முடியுமா?

அப்புறம், அரசாங்கத்திடம் முறையிடுவது. எங்கள் தலைநகரம் புதுச்சேரி. அங்கே போய்ச் சேர, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து கடலூர் வழியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் உட்கார வேண்டும். ஒரு கையெழுத்துக்காக என் வீட்டுக்காரர் இரண்டு நாளைத் தொலைத்த கதை வீட்டில் இன்னும் ஓடுகிறது.

ஒன்றில் மட்டும் அண்ணன் எங்களிடம் தோற்றுவிடுவார். இங்கே வரி குறைவு என்பதால் பெட்ரோல் மலிவு. மாதம் இரண்டு முறையாவது தங்கச்சியைப் பார்க்க வருகிறார். வரும்போது வண்டியின் பெட்ரோல் டேங்க் ஏறக்குறைய காலியாகத்தான் இருக்கும். நானும் அதைக் கேட்பதில்லை, காப்பி போட்டுக் கொடுக்கிறேன். வணக்கம்.