தாழ்வாரத் தொட்டியில் வெங்காயத்தாளும் குச்சாயும்

நேயர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய சின்ன வெங்காயம் கூடையிலேயே முளைத்துவிட்டால், அதை எடுத்துத் தொட்டியில் ஊன்றிவிட்டு, அடியில் புதுக்காய் திரளும் என்று காத்திருப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். இரண்டு மாதம் கழித்துப் பிடுங்கினால் தாள் இருக்கும், காய் இருக்காது. அது கைராசியைப் பொறுத்த விஷயமில்லை. வெங்காயம் பகல் பொழுதின் நீளத்தையும் வெயிலையும் பார்த்துத்தான் காய் திரட்டும். குளிர்நாட்டுப் பெரிய வெங்காய வகைகளுக்கு 14 மணி நேரத்துக்கு மேல் பகல் வேண்டும். சிங்கப்பூரிலோ ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். ஜூனுக்கும் டிசம்பருக்கும் 10 நிமிட வித்தியாசம்கூட இல்லை.

சின்ன வெங்காயத்துக்கு 12 மணி நேரம் போதும். ஜாவாவில் பிரெபெஸ் பக்கம் வயல் வயலாக விளைவது இந்த இனம்தான். ஆனால் அங்கே அது நாள் முழுக்க வெயில் குடிக்கிறது. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் 3, 4 மணி நேர வெயில் விழுந்தாலே அதிகம். பூண்டின் கதை வேறு: பல் பல்லாகப் பிரிய அதற்குச் சில வாரக் குளிர் வேண்டும். ஆகவே காயை மறந்துவிட்டு, இலைக்காக வளருங்கள் என்பதே என் ஆலோசனை. இலை இந்த ஊரில் அருமையாக வரும்.

தொட்டி 15 செ.மீ. ஆழம் இருந்தால் போதும். வெங்காய வேர் ஆழம் போகாது. மண்கலவை 3 பங்கு, மட்கிய உரம் 1 பங்கு, பருமணல் 1 பங்கு. மணலை விட்டுவிடாதீர்கள். நம் மழைக்கும் ஈரக்காற்றுக்கும் மண் சீக்கிரம் இறுகும்; இறுகிய மண்ணில் தண்ணீர் தங்கினால் வெங்காயத்தின் அடித்தட்டு அழுகும். கெட்டியான காயாகத் தேர்ந்தெடுத்து, வேர்ப்பக்கம் கீழே, மூக்கு மண்ணுக்கு வெளியே தெரியும்படி ஊன்றுங்கள். முழுக்கப் புதைத்தால் கழுத்தில் ஈரம் நின்று அழுகும். காய்க்குக் காய் 5 செ.மீ. இடைவெளி இருக்கட்டும்.

ஒரு வாரத்தில் தளிர் எழும். மூன்று, நான்கு வாரத்தில் ஒரு சாண் உயரம் வந்ததும், அடியில் 3 செ.மீ. விட்டு அறுங்கள். இரண்டு, மூன்று அறுப்புக்குப் பிறகு தாள் மெலியும். காயில் இருந்த சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். எடுத்துவிட்டுப் புதிதாக ஊன்றுங்கள். சந்தையில் வாங்கும் வெங்காயத்தாளையும் வேரோடு 4 செ.மீ. வெள்ளைப் பகுதி விட்டு நறுக்கி ஊன்றலாம். கண்ணாடிக் குவளைத் தண்ணீரிலேயே வாரக்கணக்கில் வைத்திருந்தால் அடி வழவழத்து நாறும். இரண்டு நாளில் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

என்னைக் கேட்டால் நம் தாழ்வாரத்துக்கு ஏற்றது குச்சாய், அதாவது பூண்டு நெடி வீசும் தட்டை இலைச் சீன வெங்காயத்தாள். ஒருமுறை வைத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். விதையை நம்பாதீர்கள், வெங்காயக் குடும்பத்து விதைகள் ஓரிரு ஆண்டிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும், நம் ஊர் வெக்கையில் இன்னும் சீக்கிரம். தெரிந்தவரிடம் ஒரு தூர் வாங்கி, நான்கைந்து கன்றாகப் பிரித்து நடுங்கள். முதல் இரண்டு மாதம் கத்தி படக்கூடாது, வேர் பிடிக்கட்டும். பிறகு மாதம் ஒருமுறை மண்ணுக்கு 2 செ.மீ. மேலே ஒட்ட அறுங்கள். பொடியாக அரிந்து அடை மாவில், முட்டைப் பொரியலில் போட்டுப் பாருங்கள். சீனர் கடையில் விற்கும் மஞ்சள் குச்சாய் வேண்டுமா? அறுத்த தூரின்மேல் வெளிச்சம் புகாதபடி ஒரு மண்சட்டியைக் கவிழ்த்துவிடுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் இளமஞ்சளாக, மெத்தென்று வந்திருக்கும். அடுத்த அறுப்புக்கும் அதே தூரை மூடாதீர்கள். வெயில் படாமல் தூர் இளைத்துச் செத்துப்போகும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மழை லில்லி என்று வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் செடியைப் பலர் தொட்டியில் வைத்திருக்கிறார்கள். பூ இல்லாத நாளில் அதன் இலை குச்சாயைப் போலவே இருக்கும்; ஆனால் அது நஞ்சு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். அறுக்குமுன் ஒரு இலையைக் கசக்கி முகருங்கள். இலையின் செல்கள் உடைந்து கந்தகச் சேர்மங்களும் நொதியும் கலக்கும்போதுதான் பூண்டு நெடி கிளம்பும். நெடி வராத இலை சமையலறைக்குள் வரக்கூடாது.

தாளில் வெள்ளி பூசியதுபோல் கோடு கோடாகத் தெரிந்தால் அது இலைப்பேன். தாள்கள் சேரும் இடுக்கில் ஒளிந்திருக்கும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டுப் பாத்திர சோப்பும் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். நுனி மட்டும் மஞ்சளானால் பதறாமல் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தண்ணீர் கூடியிருக்கும், குறைந்திருக்காது.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் கவிழ்த்துவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம் போதும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின்மேல் தொட்டி வைக்கவே கூடாது.

2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி உண்டு. பூனைக்குப் புல்லும் குச்சாயும் ஒன்றுதான், கடித்துப் பார்க்கும். வெங்காயக் குடும்பத்து எந்த இலையும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், நாய்க்கும் அப்படியே. ஈறு வெளுத்தாலோ, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பூனை உள்ள வீட்டில் இந்தத் தொட்டிகளை எட்டாத இடத்தில் தொங்கவிடுங்கள், அல்லது கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வையுங்கள்.

நன்றி, வணக்கம்.