கோடை இறுதியில் கிளம்பும் கதிர்க்குருவிகள்: பார்ப்பதும் பதிவதும்

(காட்சி: காலை வெயில் படும் ஒரு மரக்கிளை. இலைகளுக்கு நடுவே மஞ்சளாக ஏதோ அசைகிறது. ஒரு பூச்சியைக் கொத்துகிறது, திரும்புகிறது, மறைகிறது. மொத்தம் நான்கு நொடிகள்.)

இப்போது திரையில் வந்து போனது ஒரு கதிர்க்குருவி. ஏறக்குறைய பத்து கிராம் எடையுள்ள இந்த உயிர், இன்னும் சில நாள்களில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணத்தைத் தொடங்கப் போகிறது. அது எந்த இனம் என்று இந்த நான்கு நொடிகளில் சொல்லிவிட முடியுமா, முடியாவிட்டால் அதைப் பதிவில் எப்படி எழுதுவது என்பதுதான் இந்த வீடியோவின் பொருள்.

முதலில் காலத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். கோடை என்றதும் நமக்குச் சித்திரை வெயில்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா ஆகிய பகுதிகளில் கோடையின் கடைசி என்பது ஆகஸ்டும் செப்டம்பரும். நம் கணக்கில் ஆடியில் தொடங்கிப் புரட்டாசி வரை. அங்கே வெயில் இன்னும் குறையாத நிலையிலேயே பறவைகள் தெற்கு நோக்கிக் கிளம்பிவிடுகின்றன. வட அமெரிக்காவின் மஞ்சள் கதிர்க்குருவிகளில் ஒரு பகுதி ஜூலை மாதத்திலேயே புறப்பட்டுவிடும். ஆசியாவின் வடபகுதிகளிலும் இமயத்திலும் குஞ்சு பொரித்த பச்சைக் கதிர்க்குருவிகள் செப்டம்பரிலேயே தென்னிந்தியாவின் மரங்களுக்கு வந்து சேரத் தொடங்குகின்றன. ஆகவே இலையுதிர்காலம் பிறக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர் வலசையின் முதல் பாதியைத் தவறவிட்டுவிடுவார்.

(காட்சி: அதே பறவையினத்தின் இரண்டு படங்கள். ஒன்று மே மாதத்தில் வாய் திறந்து பாடுவது, மற்றொன்று ஆகஸ்டில் இலைக்குள் ஒளிந்திருப்பது.)

இந்தப் பருவத்தில் அடையாளம் காண்பது ஏன் கடினம்? வசந்தத்தில் ஆண் பறவை கிளை நுனியில் உட்கார்ந்து, "நான் இன்னார்" என்று பாட்டாலேயே அறிவித்துவிடுகிறது. குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் அந்தப் பாட்டுக்கு வேலை இல்லை. எஞ்சுவது ஒற்றைச் சொல் போன்ற சிறு அழைப்பொலி மட்டுமே. பல இனங்களில் ஆண் பறவை தன் பளிச்சென்ற இறகுகளையும் இக்காலத்தில் உதிர்த்துவிடுகிறது. வசந்தத்தில் தீப்போலச் சிவந்திருக்கும் ஸ்கார்லெட் டானஜர் என்ற வட அமெரிக்கப் பறவை ஆகஸ்டில் சிவப்பும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து, சாயம் போன துணிபோல் நிற்பதைப் பார்த்தவர்கள் அதைப் புது இனம் என்று எண்ணிப் படம் எடுத்து அனுப்புவதுண்டு. (இறக்கை மட்டும் கருமையாகவே இருப்பதைக் கவனித்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.) இவை போதாதென்று, அந்த ஆண்டு பிறந்த இளம் பறவைகளும் கூட்டத்தில் சேர்ந்துகொள்கின்றன. எண்ணிக்கை மிகுந்திருக்கும் இந்தப் பருவத்தில்தான் அடையாளங்கள் மங்கிப்போகின்றன.

எப்போது பார்ப்பது என்பதற்கு விடை இரவில் இருக்கிறது. தகைவிலான்களும் வாலாட்டிகளும் பகலில் வலசை போகின்றன; ஆனால் பெரும்பாலான கதிர்க்குருவிகளும் ஈபிடிப்பான்களும் சூரியன் மறைந்த சிறிது நேரத்துக்குப் பின் எழும்பி, இரவெல்லாம் பறந்து, விடியற்காலையில் கீழே இறங்குகின்றன. இரவில் காற்று குளிர்ந்தும் அமைதியாகவும் இருப்பது, வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளின் தொல்லை குறைவது, பகற்பொழுதை இரை தேடுவதற்கு ஒதுக்க முடிவது ஆகியவை இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். புவியின் காந்தப்புலத்தோடு விண்மீன்களும் அவற்றுக்கு வழி காட்டுகின்றன. இண்டிகோ பன்டிங் என்ற சிறு பறவையைக் கோளரங்கத்துக்குள் வைத்து ஸ்டீபன் எம்லன் என்ற அமெரிக்க ஆய்வாளர் செய்த சோதனைகள், குஞ்சுகள் வானம் சுழலும் மையத்தைக் கவனித்துத்தான் வடதிசையைக் கற்றுக்கொள்கின்றன என்று காட்டின.

பறவை பார்ப்பவருக்கு இதன் பயன் எளியது. வடக்கிலிருந்து இலேசான காற்று வீசிய தெளிந்த இரவுக்கு அடுத்த காலையில், முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் வெளியே செல்லுங்கள். விடியலை ஒட்டி மழை பெய்திருந்தால், பறந்துகொண்டிருந்தவை அங்கேயே இறங்கியிருக்கவும் கூடும். அங்கேயே வாழும் பட்டாணிக்குருவிகளின் சலசலப்பைக் கேட்டால் உடனே நின்றுவிடுங்கள். வழிப்போக்கர்களான கதிர்க்குருவிகள் அந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு திரிவது வழக்கம்.

(காட்சி: திரை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் வில்லோ கதிர்க்குருவி, வலப்பக்கம் சிஃப்சாஃப். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரிகின்றன.)

இந்த இரட்டையரிடம் சற்று அதிக நேரம் செலவிடப் போகிறேன், ஏனென்றால் இவற்றைப் பிரித்தறியப் பழகிய கண் வேறு எந்தக் கதிர்க்குருவியையும் பார்க்கத் தயாராகிவிடும். இடப்பக்கம் இருப்பது வில்லோ கதிர்க்குருவி, வலப்பக்கம் இருப்பது சிஃப்சாஃப்; இரண்டும் ஐரோப்பாவில் பரவலாகக் காணப்படும் கதிர்க்குருவிகள். இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் ஒயிட், ஒரே குருவி என்று பலரும் எண்ணியிருந்தவற்றுக்குள் மூன்று தனி இனங்கள் இருப்பதை உறுதி செய்துவிட்டதாக 1768 ஆகஸ்டில் ஒரு கடிதத்தில் எழுதினார். அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது அவற்றின் பாட்டு. பாட்டு ஓய்ந்த ஆகஸ்டில் பைனாகுலரோடு நிற்கும் நமக்கு அந்த உதவி பெரும்பாலும் கிடைக்காது.

கால்களைப் பாருங்கள் என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். சிஃப்சாஃபுக்குக் கறுத்த கால்கள், வில்லோவுக்கு வெளிறிய பழுப்புக் கால்கள். உண்மைதான், ஆனால் நிழலில் எல்லாக் கால்களும் கறுப்பாகவே தெரியும் என்பதால் இதை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எனக்கு இறக்கையின் முனைதான் நம்பகமானது. மடக்கிய இறக்கையில், உட்புற இறகுகள் முடியும் இடத்துக்கு அப்பால் நீண்ட வெளி இறகுகள் எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று பாருங்கள். வில்லோவுக்கு அந்த நீட்டம் தெளிவாக நீளமாகவும், சிஃப்சாஃபுக்குக் குட்டையாகவும் இருக்கும். காரணம் பயணத்திலேயே இருக்கிறது. வில்லோ சகாராப் பாலைவனத்தைத் தாண்டி ஆப்பிரிக்காவின் உட்பகுதி வரை செல்கிறது. சிஃப்சாஃப்களில் பெரும்பகுதி மத்தியதரைக் கடலோரத்திலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் நின்றுவிடுகிறது. நெடுந்தூரம் போக வேண்டிய பறவைக்கு நீண்டு கூரிய இறக்கை தேவைப்படுகிறது.

(காட்சி: இறக்கையின் முனை மட்டும் பெரிதாக்கப்படுகிறது. நீட்டத்தை ஒரு வெள்ளைக் கோடு அளந்து காட்டுகிறது.)

அடுத்தது நடத்தை. சிஃப்சாஃப் கிளைக்குக் கிளை தாவும்போது வாலை அடிக்கடி கீழ்நோக்கி அசைத்துக்கொண்டே இருக்கும்; வில்லோவிடம் இந்தப் பழக்கம் அவ்வளவாக இல்லை. அழைப்பொலியில் சிஃப்சாஃபுடையது "ஹ்வீட்" என்று ஒரே மூச்சில் வரும். வில்லோவுடையது "ஹூ-ஈட்" என்று இரண்டு அசையாகப் பிரிந்து கேட்கும். நாட்காட்டியும் ஓரளவு துணை செய்கிறது: வில்லோக்கள் ஆகஸ்டிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் போய்விடுகின்றன, சிஃப்சாஃப்கள் அக்டோபர் வரை தங்குகின்றன. செப்டம்பர் காலையில் ஒரு குட்டிக் குருவி தன் பெயரையே திரும்பத் திரும்பப் பாடினால் அது சிஃப்சாஃப்தான். ஓய்ந்த பருவத்திலும் பாடும் சில பறவைகளில் அதுவும் ஒன்று.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இதே போன்ற தொல்லை பிளாக்போல், பே பிரெஸ்டட் என்ற இரண்டு கதிர்க்குருவிகளால் வருகிறது. வசந்தத்தில் ஒன்றுக்குக் கருந்தொப்பி, மற்றதற்குச் செம்பழுப்பு மார்பு. குழந்தைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். இலையுதிர்காலம் நெருங்கும்போது இரண்டுமே மங்கலான மஞ்சட்பச்சை. மார்பின் பக்கங்களில் மெல்லிய கோடுகள் ஓடினால் பிளாக்போல் என்று எண்ணலாம். கோடுகளே இல்லாமல் விலாப்புறம் இளம்பழுப்பாக இருந்தால் பே பிரெஸ்டட். பிளாக்போலின் பாதங்கள் மஞ்சளாக இருப்பது நல்ல சான்று, பறவை பாதத்தைக் காட்டச் சம்மதித்தால். இந்தப் பிளாக்போல் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து கடல்மேல் இரண்டு மூன்று நாள்கள் இடைநில்லாமல் பறந்து கரீபியத் தீவுகளை அடைவதை, முதுகில் கட்டிய நுண்கருவிகளின் மூலம் 2015-இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது. புறப்படும் முன் கொழுப்பைச் சேர்த்து அது தன் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. ஆகஸ்ட் மாதத்துக் குருவிகள் ஒரு நொடிகூட நிற்காமல் தின்றுகொண்டே இருப்பதும், உங்கள் கேமராவுக்கு அகப்படாமல் போவதும் இத்தகைய தேவையால்தான்.

(காட்சி: ஒரு குறிப்பேடு, பென்சில், மூடியே இருக்கும் ஒரு கையேடு.)

இனிப் பதிவு. என்னைப் பொறுத்தவரை நல்ல பதிவு, பறவைப் படங்கள் உள்ள கையேட்டைத் திறப்பதற்கு முன்பே எழுதப்படுகிறது. பறவை கண்ணில் இருக்கும்போதே, அல்லது மறைந்த உடனே, பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: அடிப்பகுதி முழுவதும் மஞ்சளா, மார்பு மட்டுமா; புருவக்கோடு உண்டா; இறக்கையில் பட்டை உண்டா, ஒன்றா இரண்டா; வாலை என்ன செய்தது; எந்த உயரத்தில் இரை தேடியது. படத்தைப் பார்த்துவிட்டால், நம் நினைவு அந்தப் படத்துக்கு ஏற்றபடி வளைந்துகொடுத்துவிடும்.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு தவறான பதிவின் மூலம். ஓர் ஆகஸ்டில், பளிச்சென்று மஞ்சளாக இருந்த ஒரு குருவியைப் பார்த்ததும் கையேட்டைப் புரட்டி, அரிதான வுட் கதிர்க்குருவி என்று முடிவு செய்து, பறவைப் பதிவுகளுக்கான இணையதளத்தில் பதிவேற்றிவிட்டேன். சில நாள்களில் அந்தத் தளத்தின் சரிபார்ப்பாளர் ஒருவர் மிகப் பணிவாக ஒரே கேள்வி கேட்டு எழுதினார்: "வயிறு வெள்ளையாக இருந்ததா, மஞ்சளாகவா?" வுட் கதிர்க்குருவிக்குத் தொண்டையும் மார்பும் மஞ்சள், வயிறு தூய வெள்ளை. அந்த ஆண்டு பிறந்த வில்லோவுக்கோ அடிப்பகுதி முழுவதும் மஞ்சள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் நான் வயிற்றைப் பார்த்தேனா, படத்தில் இருந்த வயிற்றைப் பார்த்தேனா என்பதே எனக்கு நினைவில்லை.

(காட்சி: கைப்பேசித் திரையில் ஒரு பதிவுப் பட்டியல் நிரப்பப்படுகிறது.)

பறவைப் பதிவுக்கு உலகளவில் மிகுதியாகப் பயன்படுவது, கார்னெல் பறவையியல் ஆய்வகமும் தேசிய ஆடுபன் கழகமும் 2002-இல் தொடங்கிய ஈபேர்ட் தளம். அதில் பறவை பார்த்த நேரம், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எத்தனை பேர் பார்த்தீர்கள் என்று கேட்கப்படும். கடைசியில், அடையாளம் கண்ட எல்லா இனங்களையும் குறித்துவிட்டீர்களா என்ற கேள்வி வரும். பலரும் யோசிக்காமல் கடந்துபோகும் இந்தக் கேள்விதான் முழுப் பட்டியலுக்கு மதிப்பைத் தருகிறது. நீங்கள் அரிய பறவையை மட்டும் குறித்துக் காக்கையை விட்டுவிட்டால், காக்கை அங்கு இல்லையா அல்லது உங்களுக்கு அது பொருட்டில்லையா என்று ஆய்வாளருக்குத் தெரியாது. முழுப் பட்டியலாக இருந்தால், எழுதப்படாத இனமும் ஒரு தகவலாகிவிடுகிறது. வில்லோக்கள் எந்த வாரத்தில் ஓர் ஊரை விட்டு நீங்கின என்பதை அப்படித்தான் கணக்கிட முடிகிறது. வட அமெரிக்காவில் 1970-இலிருந்து ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்ற 2019-ஆம் ஆண்டு ஆய்வும், தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகளாகச் சேர்த்த எண்ணிக்கைகளையே பெரிதும் சார்ந்திருந்தது.

எண்ணிக்கையை விட்டுவிடாதீர்கள், இலைகளுக்குள் துள்ளும் கூட்டத்தைத் துல்லியமாக எண்ண முடியாவிட்டாலும், பன்னிரண்டு என்ற கவனமான மதிப்பீடு, "இருந்தது" என்ற வெறும் குறியைவிட மேலானது. இடத்தை நகரத்தின் பெயரில் குறிக்காமல், நடந்த இடத்திலேயே வரைபடத்தில் குறியுங்கள். மாலை ஆறு மணியைக் காலை ஆறு என்று போட்டுவிடுவது சிறிய தவறாகத் தோன்றும். ஆனால் ஆந்தைகள் பட்டப்பகலில் உலவுவதும் கதிர்க்குருவிகள் நள்ளிரவில் இலை கொத்துவதும் இப்படித்தான் பதிவுகளில் நுழைகின்றன.

ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகளைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் செயலி காட்டும் பெயர் உங்களுக்குக் கிடைத்த ஒரு துப்பு. நீங்கள் கண்டோ கேட்டோ உறுதி செய்யாத பறவையை உங்கள் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அரை நொடி நீளும் அழைப்பொலிகள் மட்டுமே கேட்கும் இந்தப் பருவத்தில் செயலியும் நம்மைப் போலவே தடுமாறும்.

இறந்த பறவையின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வளையம் இருந்தால், அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும் அப்படியே குறித்து, படம் எடுத்து, வளையத்தில் பொறிக்கப்பட்டுள்ள முகவரிக்குத் தெரிவியுங்கள். டென்மார்க் நாட்டு ஆசிரியர் மார்டன்சன் 1899-இல் மைனாக் குடும்பத்து ஸ்டார்லிங் பறவைகளுக்கு எண்ணிட்ட அலுமினிய வளையங்களை மாட்டத் தொடங்கிய காலத்திலிருந்து, வலசை வழிகளைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பங்கு இப்படிக் கண்டெடுத்தவர்கள் அனுப்பிய தகவல்தான்.

(காட்சி: முதலில் பார்த்த நான்கு நொடிகள், இம்முறை மிக மெதுவாக.)

இப்போது நம் பறவைக்குத் திரும்புவோம். அடிப்பகுதி முழுவதும் மஞ்சள். வயிறும் மஞ்சள்தான், இங்கே நிறுத்திக் காட்டுகிறேன். புருவக்கோடு தெளிவாக இருக்கிறது, இறக்கையில் பட்டை இல்லை. வால் அசையவில்லை, ஆனால் நான்கு நொடிகளை வைத்து அதைச் சான்றாகக் கொள்ள முடியாது. கால்கள் நிழலில் இருக்கின்றன. இறக்கை முனையை இலை ஒன்று மறைத்திருக்கிறது. ஒலி கேட்கவில்லை. இளம் வில்லோவாக இருக்கும் என்றே என் மனம் சொல்கிறது. பட்டியலில் "வில்லோ அல்லது சிஃப்சாஃப்" என்ற இணைப் பெயரைத் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, எண்ணிக்கை 1 என்று இட்டு, குறிப்புப் பகுதியில் இப்போது சொன்ன ஏழு வரிகளையும் இலை மறைத்ததையும் சேர்த்து எழுதி அனுப்பிவிட்டேன்.